ஒரு லக்னோவாசி கண்ட இங்கிலாந்து

பிறர் நம் நாட்டைக் கண்டு எழுதி வைத்த குறிப்புகள் நமக்குப் பழக்கமானவை. மெகஸ்தனிசும் பாகியானும் யுவான் சுவாங்கும் மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் நம்மைப் பற்றி என்ன எழுதினர் என்பதைப் பள்ளிப் பருவந்தொட்டே பயின்று வருகிறோம். நம் முன்னோர் எப்படி உண்டனர், எப்படி உடுத்தனர், எதை நம்பினர் என்பவற்றுக்கெல்லாம் அவர்களுடைய ஏடுகளையே சான்றாகவும் காட்டுகிறோம். ஆனால் நம் நாட்டார் ஒருவர் கடல் கடந்து சென்று, அயலாரை அவர்கள் வீட்டிலேயே கண்டு, இவர்கள் இத்தகையவர்கள் என்று எழுதி வைத்த நூல்களை நாம் அவ்வளவாக அறிவதில்லை. அதிலும், நம்மை ஆளத் தொடங்கியிருந்த ஆங்கிலேயரை அவர்களுடைய தலைநகரிலேயே இருந்து அளந்து பார்த்த இந்தியர் ஒருவர் 200 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார் என்றால் நம்மில் பலருக்கும் வியப்பாகவே இருக்கும்.

அவர் பெயர் மிர்சா அபூ தாலிப் கான். 1799-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கப்பலேறி, 1803-ஆம் ஆண்டு மீண்டும் கல்கத்தா வந்து சேர்ந்தவர். பாரசீக மொழியில் அவர் எழுதிய பயண நூலைச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1810-இல் இலண்டனில் வெளியிட்டார். மூல நூல் அவருடைய மகனின் முயற்சியால் 1812-இல் கல்கத்தாவில் அச்சேறியது. மொழிபெயர்ப்பு முந்திக்கொள்ள, மூலம் பிந்தி வந்த இந்தச் செய்தியே சிந்திக்கத் தக்கது. தம் நாட்டார்க்கென அவர் எழுதியதை, அயல்நாட்டார் முதலில் படித்தனர்.

முன் சென்ற ஒருவர்

அபூ தாலிப் கானுக்கு முன்னரும் இங்கிலாந்து சென்று எழுதிய இந்தியர் உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த முன்ஷி மிர்சா இத்திசாமுத்தீன் 1766-இல் கப்பலேறினார். முகலாயப் பேரரசர் ஷா ஆலம், ஆங்கில மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு எழுதிய கடிதத்தின் பொருட்டே அவர் ஸ்விண்டன் என்னும் படைத்தலைவருடன் அனுப்பப்பட்டார். ஆயின் அக்கடிதத்தைக் கிளைவ் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். தூதர் சென்றார், தூது செல்லவில்லை.

கப்பல் தொழிலாளரான இலாஸ்கர்களை இலண்டன் மக்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். ஆனால் நீண்ட அங்கியும் தலைப்பாகையும் தரித்த, கல்வியிற் சிறந்த இந்தியர் ஒருவரை அவர்கள் கண்டதில்லை. ஆகவே அவர் சென்ற இடமெல்லாம் கூட்டம் கூடியது. நடன அரங்கொன்றுக்கு அவர் சென்றபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்து நின்றனர். வேடிக்கை பார்க்கச் சென்ற தாமே வேடிக்கைப் பொருளாகிவிட்டதை அவர் நயம்படக் குறித்துள்ளார். அயலான் ஒருவனின் முதல் அனுபவம் எங்கும் இதுவே. அவன் பிறரைப் பார்க்கத் தொடங்குமுன் பிறர் அவனைப் பார்த்து முடித்துவிடுகின்றனர். அதன் பின்னரும் தெளிந்த கண்ணோடு திரும்பிப் பார்க்க வல்லவர் சிலரே. அந்தச் சிலருள் தலையாயவர் அபூ தாலிப் கான்.

கவலை செலுத்திய கப்பல்

அபூ தாலிப் 1752-இல் லக்னோவில் பிறந்தார். அவர் தந்தை துருக்கிய மரபினர். ஈரானின் இஸ்பஹானில் பிறந்து, நாதிர் ஷாவின் கொடுமைக்கு அஞ்சி இந்தியா வந்தவர். அபூ தாலிப் அயோத்தி நவாபின் ஆட்சியில் வரி வசூல் அதிகாரியாகப் பணியாற்றினார்; கம்பெனி அதிகாரிகளுக்கும் உதவினார். இரு பெருங்கற்களுக்கிடையே அகப்பட்ட தானியத்தின் நிலை அவருக்கு வாய்த்தது. அயோத்தி அமைச்சரின் பகையால் பதவி போயிற்று. கம்பெனியாரின் வாக்குறுதியை நம்பிக் கல்கத்தா வந்தவர்க்குக் காத்திருத்தலே தொழிலாயிற்று. அக்காலத்திலும் அவர் வாளா இருக்கவில்லை. பாரசீகக் கவி ஹாபிசின் பாடல்களைப் பதிப்பித்து 1791-இல் கல்கத்தாவில் வெளியிட்டார்.

இந்நிலையில் அவருடைய நண்பரான ரிச்சர்ட்சன் என்னும் ஸ்காத்லாந்துப் படைத்தலைவர் தாயகம் திரும்பினார். உடன் வந்தால் வழிச்செலவை ஏற்பதாகவும், கப்பலிலேயே ஆங்கிலம் கற்பிப்பதாகவும் கூறி அழைத்தார். அவ்வழைப்பைத் தாம் ஏற்ற காரணத்தை அபூ தாலிப் மறைக்கவில்லை. பயணமோ நெடியது, ஆபத்து மிக்கது. இடையில் மரணம் நேர்ந்தால் உலகக் கவலையினின்றும், மக்களின் நன்றியின்மையினின்றும் விடுதலை கிட்டும் என்று எண்ணியே உடன்பட்டாராம். பொருள் தேடியோ புகழ் தேடியோ சென்றவர் அல்லர் அவர். வாழ்வு சலித்துச் சென்றவர். இதனை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். இழப்பதற்கு ஏதுமற்றவரின் சொல்லில் முகத்துதிக்கு இடம் குறைவு.

1799 பிப்ரவரியில் கல்கத்தாவை விட்டவர், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, அவ்வாண்டு இறுதியில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தை அடைந்தார். அவர் கடலில் இருந்த காலத்திலேதான், அவ்வாண்டு மே மாதத்தில், ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டார். முன்னர் 1792-இல் திப்புவைப் பணியவைத்த கார்ன்வாலிஸ் பிரபு அப்போது அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதியாக டப்ளினில் வீற்றிருந்தார். அவரை அபூ தாலிப் அங்கே சென்று கண்டார். இந்தியாவில் ஆங்கிலேயர் கை ஓங்கி வந்த அந்த வேளையிலேதான் இந்தியர் ஒருவர் ஆங்கிலேயரை ஆராய அவர்கள் நாட்டில் கால் வைத்தார்.

கார்க் நகரில் அவர் மற்றோர் இந்தியரையும் சந்தித்தார். பாட்னாவில் பிறந்து, 1784-இல் அயர்லாந்து வந்து, அந்நாட்டுப் பெண்ணை மணந்து அங்கேயே குடியமர்ந்த தீன் முகம்மதுதான் அவர். இந்தியர் ஒருவர் ஆங்கில மொழியில் எழுதி வெளியிட்ட முதல் நூல் 1794-இல் வந்த அவருடைய நூலே. பின்னர் 1810-இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றை நிறுவியவரும் அவரே. அயல்நாட்டில் கரைந்து வாழத் துணிந்தவர் ஒருவர். அயல்நாட்டைக் கண்டு மீளவந்தவர் மற்றவர். இருவரும் எதிரெதிரே அமர்ந்த அந்தச் சிறு பொழுதை எண்ணிப் பார்க்கும்போது நமக்கு ஏனோ நெஞ்சு நெகிழ்கிறது.

முதற் காட்சிகள்

புதிய ஊரைக் காணும் எவரும் அதனைத் தம் ஊரோடு ஒப்பிட்டே காண்பர். டப்ளினில் இரவு நேரத்தில் தெருவின் இருமருங்கும் விளக்குகள் வரிசையாக எரிந்தமை அபூ தாலிப்புக்கு லக்னோ நகரத்து இமாம்பாடாவின் விளக்கொளியை நினைவூட்டியது. 1800-ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் சேர்ந்தார். அங்கே பெருமக்கள் இல்லங்களின் கதவுகள் அவருக்குத் திறந்தன. அரசரையும் அரசியையும் காணும் வாய்ப்பும் கிட்டியது. தாம் ஒருநாளும் கூறிக்கொள்ளாதிருக்கவும், இலண்டன் மக்கள் அவரைப் 'பாரசீக இளவரசர்' என்றே அழைத்தனர். விருந்துகளிலும் நாடக அரங்குகளிலும் அவர் மகிழ்ச்சியோடு பொழுது கழித்தார். அழகியரைப் புகழ்ந்து கவிதையும் பாடினார். அதனையும் அவர் ஒளிக்கவில்லை.

நாடாளுமன்றத்தின் மக்களவையை அவர் கண்ட விதம் சுவையானது. எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்து உறுப்பினர்கள் வாதிட்ட காட்சி, எதிரெதிரே நிற்கும் இரண்டு மாமரங்களில் அமர்ந்து ஒன்றையொன்று வைது கூச்சலிடும் கிளிக்கூட்டங்களைப் போல் அவருக்குத் தோன்றிற்று. அவ்விரு கூட்டங்களிலும் உரத்துக் கூவிய கிளிகள் பிட்டும் பாக்சும் ஆவர். உலக ஆட்சிமன்றங்களின் தாய் என்று பின்னாளில் போற்றப்பட்ட அவையை மாந்தோப்பாகக் கண்ட இந்த உவமை நம் மண்ணில் பிறந்தது.

அடுக்களைக்குள்ளும் இயந்திரம் புகுந்திருந்தது அவரைப் பெரிதும் கவர்ந்தது. கோழியை நெருப்பில் சுழற்றி வாட்டவும், இறைச்சியைக் கொத்தவும், வெங்காயம் நறுக்கவும்கூட அவர்கள் கருவி வைத்திருந்தனர். ஆங்கிலேயர் பொறுமை குறைந்தவர்கள். சில்லறை வேலையில் பொழுது போவதைச் சகியாதவர்கள். ஆகவே கருவி படைத்தனர் என்று அவர் காரணம் கண்டார். தொழிற்புரட்சியின் விளக்கமாக இதனை ஏற்க இயலாதுதான். எனினும் பொருளைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், அதனைப் படைத்த மனத்தின் இயல்பு யாது என்று வினவும் பழக்கம் இங்கே வெளிப்படுகிறது. பயணியை ஆராய்ச்சியாளராக உயர்த்துவது இப்பழக்கமே.

வியப்புக்கு மாறாகச் சிரிப்புக்கு உரியவையும் அவர் கண்ணில் பட்டன. கையும் காலும் தலையும் அற்ற பழங்காலச் சிலைகளுக்குப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவதை அவரால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. சட்டை தைத்த தையற்காரர் பேசிய கூலிக்கு மேற்கேட்டதும், அதனை மறுத்த தாம் வழக்குமன்றத்தில் தோற்று, கேட்ட கூலியோடு வழக்குச் செலவும் சேர்த்துக் கட்டியதும் அவருக்கு மறவாத பாடமாயிற்று. நடுவர்களின் நேர்மையை மதித்த அவர், வழக்குரைஞர்களின் வலையை அஞ்சினார்.

பன்னிரண்டு குறைகள்

அபூ தாலிப் நூலின் உயிர்நிலை, ஆங்கிலேயரின் குறைகள் என்று அவர் வரிசைப்படுத்தும் பன்னிரண்டும், அவர்களுடைய நிறைகள் என்று அவர் கூறும் பகுதியுமாகும். சமயப் பற்றின்மை, செருக்கு, பொருளாசை, சுகபோக விருப்பம், எளிதில் சினங்கொள்ளுதல், காலத்தை வீணாக்குதல், தேவைகளைப் பெருக்கிக்கொள்ளுதல், கல்விச் செருக்கு, தன்னலம், கற்பொழுக்கக் குறைவு, ஊதாரித்தனம், பிறர் வழக்கங்களை இகழ்தல் என அப்பட்டியல் நீள்கிறது. அவற்றுள் சிலவற்றை மட்டும் ஈண்டுக் காண்போம்.

காலத்தை வீணாக்குதல் பற்றி அவர் கணக்கே போடுகிறார். தொப்பி முதல் காலணி வரை ஆங்கிலேயர் அணியும் பொருள்கள் 25. காலைக்கு ஓர் உடை, இரவு விருந்துக்கு வேறோர் உடை. முகம் மழித்து முடி திருத்தி உடுத்துவதற்கு 2 மணி நேரம், காலை உணவுக்கு 1, விருந்துக்கு 3, பெண்டிரோடு அளவளாவலும் இசையும் நடனமும் 3, உறக்கம் 9. ஆக 18 மணி நேரம் கழிந்தபின் எஞ்சுவன ஆறே. கீழை நாட்டார் சோம்பேறிகள், காலத்தின் அருமை அறியாதவர்கள் என்னும் பல்லவியைப் பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் ஆங்கில நூல்களில் கேட்டுச் சலித்த நமக்கு, இந்தக் கணக்கு எவ்வளவு இனிக்கிறது! ஆனால் இது செல்வர் வீட்டு நாள் என்பதையும் நாம் மறத்தலாகாது. விடியலில் எழுந்து ஆலைக்குச் சென்ற தொழிலாளியின் நாள் இக்கணக்கில் இல்லை.

கல்விச் செருக்கு பற்றி அவர் கூறுவது ஆழமானது. ஒரு கலையிலோ அயல்மொழியிலோ சிறிதளவு பயிற்சி பெற்ற உடனே அதனைப் பற்றி நூலெழுதி அச்சிட்டுவிடுகின்றனர் என்கிறார். சர் வில்லியம் ஜோன்சின் பாரசீக இலக்கணம் 1771-இல் வெளிவந்தது. ஜோன்ஸ் இந்தியா வந்ததோ 1783-இல். அவருடைய மேதைமையையும் பண்பையும் மனமாரப் போற்றிவிட்டே, இளமையில் இந்திய அனுபவம் பெறுமுன் எழுதப்பட்டமையால் அவ்விலக்கணம் பல இடங்களில் குறையுடையது என்று அபூ தாலிப் தீர்ப்பளிக்கிறார். கீழைக் கலைகளைப் பற்றி மேலை அறிஞர் கூறுவதே முடிந்த முடிபு என்னும் எண்ணம் வேரூன்றத் தொடங்கிய காலத்தில், அம்மொழிக்குரிய அறிஞர் ஒருவர் எழுந்து நின்று இங்ஙனம் கூறியிருக்கிறார். அவர் குரலில் சினமில்லை. தம் கல்வியில் தமக்குள்ள உறுதி மட்டுமே உண்டு.

செருக்கைப் பற்றிச் சொல்லுமிடத்தில், சென்ற ஐம்பதாண்டுக் கால நல்வாய்ப்பால் ஆங்கிலேயர் அதிகார மயக்கம் கொண்டு, வரக்கூடிய தீங்கை எண்ணாதிருக்கின்றனர் என்கிறார். 1800-ஆம் ஆண்டில் வரிச்சுமையாலும் ரொட்டி விலையேற்றத்தாலும் இலண்டன் மக்கள் கூட்டங்கூட்டமாகத் தெருவில் திரண்டதை அவர் நேரில் அறிந்தவர். பெருகிவந்த அரசாங்கக் கடனும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தேவைகளைச் சுருக்கிக்கொண்ட அராபியரும் தார்த்தாரியரும் பெருநாடுகளை வென்றதை நினைவூட்டி, தேவைகளைப் பெருக்குவோர்க்கு எச்சரிக்கை விடுக்கிறார். வென்றவர்களின் தலைநகரில் அமர்ந்து, வெற்றியும் நிலையாமைக்கு உட்பட்டதே என்று அவர் எழுதினார்.

பன்னிரண்டாவது குறை பிறர் வழக்கங்களை இகழ்ந்து தம்முடையதே சிறந்தது எனக் கொள்ளுதல். இது அவர் நாள்தோறும் பட்ட அனுபவம். மக்கா யாத்திரையின் சடங்குகள் நகைப்புக்குரியன என்றவர்களிடம், ஒன்றும் அறியாப் பச்சிளங் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்விப்பது எதற்கு என்று திருப்பிக் கேட்டார். கையால் உண்பதைப் பழித்தவர்களிடம், கையால் உண்டால் தம்மையோ பக்கத்திலிருப்பவரையோ கத்தியால் கிழித்துக்கொள்ளும் அச்சமில்லை என்றார். அதனோடு விடாமல், இலண்டனில் உண்ணும் ரொட்டியில் பாதி அடுமனைப் பையன்கள் காலால் மிதித்துப் பிசைந்த மாவாலானது. அந்தக் காலைக் காட்டிலும் ஒருவனுடைய சொந்தக் கை தூயதன்றோ என்றும் கேட்டார். இங்கே நாம் சிரித்துவிடுகிறோம். எதிரில் இருந்த ஆங்கிலேயரும் சிரித்திருக்கக் கூடும். சினத்தால் அறுக்க முடியாத முடிச்சைச் சிரிப்பால் அவிழ்த்தவர் அவர்.

பெண்டிர் உரிமை

இலண்டன் பெருமாட்டியர் அவரை ஓயாது வினவியது கீழை நாட்டுப் பெண்களின் நிலை பற்றியே. அதற்கு விடையாக அவர் எழுதிய தனிக் கட்டுரை அப்போதே ஆங்கிலத்தில் அச்சாயிற்று. முகத்தை மறைப்பதாலேயே கீழை நாட்டுப் பெண்டிர் அடிமைகள் ஆகிவிடார். அவர்களுக்கு மணக்கொடை உரிமை உண்டு, சொத்துரிமை உண்டு, இல்லத்தின் மீதும் மக்கள் மீதும் ஆட்சி உண்டு. விரும்பியபோது தாய்வீடு சென்று தங்கவும் தடையில்லை என்பது அவர் வாதம். மாறாக, முகம் காட்டி உலவும் ஆங்கிலப் பெண்ணுக்குத் திருமணத்துக்குப்பின் தனக்கெனச் சொத்தில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

இவ்வாதத்தில் வழக்குரைஞர் தன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பலதார மணத்துக்கும் அவர் சமாதானம் கூறுகிறார். அந்தப்புரத்துப் பெண்டிரின் சார்பில் பேசுபவர் ஆடவர் ஒருவரே. அப்பெண்டிரின் குரலை அவர் ஏட்டில் கேட்க இயலவில்லை. ஆயினும் அவர் வைத்த குறி தப்பவில்லை. அக்கால ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் உடைமை கணவனுக்கே உரியதாயிற்று. 1870-இலும் 1882-இலும் இயற்றப்பட்ட சட்டங்களே அந்நிலையை மாற்றின. தம் வீட்டுத் தூணை மறந்து அடுத்த வீட்டுத் துரும்பைத் தேடியவர்களுக்கு, அவர்கள் வீட்டுத் தூணைச் சுட்டிக் காட்டியவர் அபூ தாலிப்.

நிறைகளும் நடுவு நிலையும்

குறைகளை மட்டும் அடுக்கியிருந்தால் அவரை நாம் வெறும் பழிதூற்றுபவராகவே கொண்டிருப்போம். நிறைகளையும் அவர் அதே கையால் எழுதினார். மானம் பேணுதல், பிறர்பால் உள்ள மேன்மையை மதித்தல், ஒழுங்கு மீறி நடக்க அஞ்சுதல், ஒளிவு மறைவற்ற பேச்சு, தெளிந்த அறிவு, கருவி படைக்கும் ஆர்வம், விருந்தோம்பல் ஆகியவற்றை உளமாரப் பாராட்டினார். பொதுமக்களின் நிலையை உயர்த்த ஆங்கிலேயர் விழைவதையும் புகழ்ந்தார். அதே மூச்சில், அதனால் வரும் நன்மை மேலோர்க்கும் உண்டாதலின் அது முற்றும் தன்னலமற்றது அன்று என்றும் சேர்த்துக்கொண்டார்.

சட்டத்தின் முன் உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் சமம் என்று ஆங்கிலேயர் பெருமைப்பட்டனர். அதனை ஆராய்ந்த அபூ தாலிப், அச்சமத்துவம் உள்ளதைவிடத் தோற்றமே மிகுதி என்று கண்டார். செல்வரின் வாழ்வுக்கும் வறியோரின் வாழ்வுக்கும் இடையேயுள்ள தொலைவு இந்தியாவைக் காட்டிலும் இங்கிலாந்தில் அதிகம் என்பது அவர் முடிவு. பெரும்பாலும் மாளிகைகளிலேயே விருந்துண்டு திரிந்த ஒருவர் இதனைக் கண்டுகொண்டது எளிய செய்தியன்று. அவரும் மேட்டுக்குடியினரே, பணியாளர் எதிர்த்துப் பேசுவதை விரும்பாதவரே. இருந்தும் கண்ணுக்குத் தெரிந்ததைக் காணாததுபோல் விட்டுவிட அவர் மனம் ஒப்பவில்லை.

நடுவு நிலைமைக்கு வள்ளுவர் காட்டிய உவமை துலாக்கோல். அக்கோல் ஒரு தட்டைத் தாழ்த்தி மற்றதை உயர்த்தாதது மட்டுமன்று. தன்னை ஏந்தியவனுக்காகவும் சாயாதது. அபூ தாலிப்பின் துலாக்கோல் தம்மவரை நோக்கியும் சாயவில்லை என்பதற்கு அவர் நூலின் முன்னுரையே சான்று. நம் நாட்டுச் செல்வர்கள் செருக்கிலும் இன்பத்திலும் மூழ்கி, தாம் அறிந்த சிறு வட்டத்துக்குள் உலக அறிவு முழுதும் அடங்கிவிட்டதாக எண்ணுகின்றனர். ஏழைகளுக்கோ பிழைப்புத் தேடுவதிலேயே பொழுது போய்விடுவதால் புதியன அறிய ஓய்வில்லை என்று அவர் அங்கே வருந்துகிறார்.

இம்முன்னுரையையும் பன்னிரண்டாம் குறையையும் நாம் அடுத்தடுத்து வைத்துப் படிக்கவேண்டும். ஆங்கிலேயரிடம் அவர் இறுதியாகக் கண்ட குறை யாது? தம்முடையதே சிறந்தது, பிறரிடம் கற்க ஏதுமில்லை என்பது. தம் நாட்டாரிடம் முதலாகக் கண்ட குறை யாது? அதுவேதான். இருவருக்கும் நோய் ஒன்றே. ஆனால் விளைவு ஒன்றன்று. ஆங்கிலேயர் பிறர் வழக்கத்தை இகழ்ந்தாலும் பிறர் மொழியைக் கற்றனர், பிறர் நாட்டை அளந்தனர், பிறர் நூலை அச்சிட்டனர். நம்மவர் இகழவும் இல்லை, ஆராயவும் இல்லை, அறியாமலே இருந்தனர். அபூ தாலிப்பின் உண்மையான துயரம் இதுவே. கம்பெனியார் கைவிட்டதைவிட இதுவே அவரை வாட்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஏட்டின் கதி

தாயகம் திரும்பிய அபூ தாலிப் நெடுநாள் வாழவில்லை. ஒரு சில ஆண்டுகளிலேயே மறைந்தார். தாம் கண்டவற்றை மக்கள் படித்துப் பயன்பெறுவர் என்ற அவருடைய நம்பிக்கையும் ஈடேறவில்லை. இலண்டன் வாசகர்கள் அந்நூலை ஒரு விந்தையாகச் சுவைத்தனர். பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய ஐரோப்பிய மொழிகளிலும் அது விரைவில் பெயர்க்கப்பட்டது. இந்தியாவிலோ அது எழுதப்பட்ட மொழியே வாழ்விழந்தது. 1835-இல் மெக்காலேயின் கல்விக் குறிப்பு வந்தது. 1837-இல் பாரசீகம் கம்பெனி ஆட்சியின் அலுவல் மொழி என்னும் இடத்தை இழந்தது. அதன் பின் பிறந்த தலைமுறைக்கு அபூ தாலிப்பின் ஏடு பூட்டிய பெட்டியாயிற்று.

பின்னாளில் இங்கிலாந்து சென்ற இந்தியர் பலர் ஆங்கிலத்திலேயே தம் அனுபவங்களை எழுதினர். அவர்களுள் நயம்பட எழுதியோர் உண்டு. துணிந்து எழுதியோரும் உண்டு. எனினும் ஆங்கிலக் கல்வி கற்று, ஆங்கிலேயரின் அளவுகோலை மனத்துள் ஏற்றபின் சென்றவர்கள் அவர்கள். அபூ தாலிப் தம் அளவுகோலைத் தாமே எடுத்துச் சென்றவர். லக்னோவின் விளக்கும், மாமரத்துக் கிளியும், ஹாபிசின் கவிதையும் அவருக்கு அளவைகளாயின. அதனால்தான் அவர் வியந்தபோதும் தாழவில்லை, பழித்தபோதும் வெறுக்கவில்லை.

தாய்மண்ணை விட்டு வேற்றுமொழியார் நடுவே வாழ்ந்து, தமிழின் பெயரால் ஒரு சங்கமாகக் கூடும் நமக்கு இவ்வரலாற்றில் தனி அக்கறை உண்டு. நாமும் அயலூரைக் காண்கிறோம், அயலூராலும் காணப்படுகிறோம். அண்டை வீட்டாரின் உணவையும் உடையையும் பேச்சையும் நம் கூட்டங்களில் எடைபோடுகிறோம். அவர்கள் தெருவில் இருபதாண்டு வாழ்ந்தும் அவர்கள் ஏட்டில் ஒரு பக்கமேனும் படிக்காதவர் நம்மிடையே இல்லையா? நம்மைப் பற்றி அவர்கள் அறியாதிருப்பதைக் குறை கூறுமுன், அவர்களைப் பற்றி நாம் எவ்வளவு அறிந்தோம் என்று கேட்டுக்கொள்வது தகும். தம் சங்கத்தாரின் குறையையும் அடுத்த வீட்டாரின் நிறையையும் ஒரே கையால் எழுதக்கூடிய ஒருவர் நம்மிடையேயும் தோன்றவேண்டும். அவர் எழுதுவதை நம் பிள்ளைகள் படிக்குமாறு நம் மொழியையும் நாம் காத்து வைக்கவேண்டும்.